மூன்று தடவை திரும்பவில்லை

ஜூலை 9, வியாழன்

பள்ளியை விட்டுச் செங்கம் சாலை டீக்கடைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து சமையல் அக்கா என்னைக் கருப்பி என்றுதான் கூப்பிடுகிறார். நானும் திரும்பிவிடுவேன்.

இன்று தமிழ் பேசும் கருப்பின அமெரிக்க அம்மா ஒருவர் டீ குடிக்க வந்தார். அவருடைய முன்னோர்களை வெள்ளைக்காரர்கள் அடிமைகளாக விலைக்கு வாங்கி வைத்திருந்தார்களாம்.

"மனுஷனை விக்கிறது தப்புன்னு அவங்களுக்கே தெரியும். அதான் கருப்புன்னா மட்டம்னு கதை கட்டினாங்க."

"விடுதலை ஆனதும் என்ன பண்ணாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நிறைய பேரு, சொந்தமா ஒரு பேரு வச்சுக்கிட்டாங்க."

எனக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

"ஏய் கருப்பி, டீ ஆறுது." நான் திரும்பவில்லை. அக்கா மூன்று தடவை கூப்பிட்டார். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டே மேஜையைத் துடைத்தேன்.

"காது கேக்கலையாடி, மலரு?"

"தோ வந்துட்டேன்க்கா."

அமெரிக்க அம்மா டம்ளருக்குள்ளேயே சிரித்தார்.

நாளைக்கு இரண்டாவது தடவையிலேயே அக்கா வாயில் மலர் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.