முன்னால் கிடந்த கம்பி

என்னங்க,

எழுந்ததும் காருக்கு அடியில் போய்ப் படுத்துவிடாதீர்கள். முதலில் சாப்பிடுங்கள். மேஜை மேல் மூடி வைத்திருக்கிறேன். நேற்று கோபத்தில் தொடாமல் விட்ட சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

முதல் கியர் போட்டதும் கார் பின்னால் பாய்ந்து என் பூந்தொட்டிகளை நொறுக்கியதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன், வாஸ்தவம்தான். அதற்காக, ஆசை ஆசையாய்த் தேடி வாங்கி மாட்டிய பழைய கியர் லிவரை, "நாளைக்கே கடைக்காரர வரச்சொல்லித் திருப்பிக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வதா?

காலையில் சிதறிய மண்ணை அள்ளும்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று லிவரை மாட்டும்போது காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, "முன்னால இருக்கிற கம்பிய எடு" என்று கை நீட்டினீர்கள். நீங்கள் சொன்னது காருக்கு முன்னால். நான் எடுத்துக் கொடுத்தது என் காலுக்கு முன்னால் கிடந்ததை! முதல் கியர் கம்பியும் ரிவர்ஸ் கம்பியும் இடம் மாறியது அப்படித்தான். லிவரிலும் கோளாறு இல்லை, உங்கள் கைவேலையிலும் இல்லை.

இரண்டு கம்பிகளையும் கழற்றி மாற்றி மாட்டினால் போதும். கடைக்காரர் வந்தால் டீ கொடுங்கள், லிவரைக் கொடுக்காதீர்கள்.

கார் சாவியைத் தேட வேண்டாம். சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் இருக்கிறது.

இன்னொன்று, ஓரத்தில் எழுதுகிறேன்: சாயங்காலம் பஸ் ஏற மாட்டேன். ஆபீஸ் வாசலில் நிற்பேன், காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். பின்பக்கமாகவே வந்தாலும் ஏறிக்கொள்வேன்.