இடுப்பளவு

12 ஆகஸ்ட் 1986, இரவு

தாராவியில் என் தோல் பட்டறைக்கு இன்று மாட்டுங்காவிலிருந்து ஒருவர் வந்தார். பிரபலங்களின் கையெழுத்துகளை வாங்கிச் சேர்ப்பவராம். யார் சொல்லி வந்தாரோ தெரியவில்லை. நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் இந்தி நடிகர் கையெழுத்துப் போட்ட போட்டோ சுவரில் இருந்தது. அதைக் கேட்டார்.

"அம்பது ரூபா தரேன் பாய். ஆள் நன்னா இருக்கார், கேட்டா இன்னும் நூறு கையெழுத்து போட்டுக் குடுப்பார். அதான் இந்த விலை."

பணத்தை எடுத்தபடியே, "அவருக்கு இப்பவும் பழைய அளவுதானா?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"இல்ல சார், இடுப்பு நாலு இஞ்சு குறைஞ்சிட்டு" என்று உளறிவிட்டேன்.

அவர் கை நின்றது. "ஐந்நூறு தரேன்" என்றார்.

கையெழுத்து அதேதான். நடிகர் நோயில் விழுந்துவிட்டார், இனி அதிகம் கையெழுத்துப் போட மாட்டார் என்று கணக்குப் போட்டுத்தான் விலையை ஏற்றுகிறார் என்று புரிந்தது. விற்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். இனி எவனிடமும் அளவு பற்றி வாய் திறக்கக் கூடாது.

போட்டோவை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டப் போனேன்.

"விக்கலைன்னா பட்டறையிலேயே மாட்ட வேண்டியதுதான? எதுக்கு பூட்டுதிய?" என்று மனைவி கேட்டாள்.

நடிகரின் அளவு எழுதிய நோட்டையும் அதனுள் வைத்துப் பூட்டினேன்.