ஊரில் எவடம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். முழங்கால் வலி. வாங்க வேண்டியவை: பால், அரிசிமா, வலிக் களிம்பு.

வேலை முடிந்து பாரிஸ் லா சப்பல் நூலகம். நூலகர் கிளேர் சுவரொட்டியைக் காட்டினார். அமெரிக்காவில் வெள்ளையருக்கு மட்டுமான நூலகங்களுக்குள் கறுப்பு இளைஞர்கள் போய் உட்கார்ந்து வாசித்தது, பொலிஸ் பிடித்துப் போனது பற்றிய கண்காட்சி. சனிக்கிழமை அதையொட்டித் தமிழில் என் பேச்சு. சுவரொட்டியில் என் பெயர் பிழை. பரவாயில்லை. இத்தனை வருடத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டது ஒரு பிரெஞ்சுக்காரிதான்.

பேச்சின் பிற்பாதி அப்பா. எங்கள் ஊர் வாசிகசாலைக்குள் எங்கள் சாதிக்கு இடமில்லை. அப்பாவும் சிநேகிதர்களும் ஒருநாள் உள்ளே போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்கள். யாரும் அடிக்கவில்லை. மறுநாள் கதவில் பூட்டு. திருத்தவேலையாம். நான் ஊரை விட்டு வரும்வரை திருத்திக்கொண்டிருந்தார்கள்.

வெளியில் சொல்வது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 6, வியாழன்

மெத்ரோ ரயில் மறுபடி நின்றது. ஸ்டாலின்கிராட் நிலையத்திலிருந்து நடை.

பலசரக்குக் கடை வாசலில் யோகன் மாஸ்டர். தமிழ்ச் சங்கச் செயலாளர். சனிக்கிழமைக்கு ஆட்களைக் கூட்டி வருவதாக ஏற்றவர். முன்பு சங்க மலரில் என் கட்டுரையை 'இடம் போதாது' என்று தள்ளியவரும் இவரே. மறக்கவில்லை.

"தம்பி, என்ன கதைக்கப் போறியள்?"

சொன்னேன்.

"அமெரிக்கா நல்ல விசயம். கதையுங்கோ. வாசிகசாலை ஏன்? வெள்ளைக்காரருக்கு முன்னாலை எங்களை நாங்களே குறைச்சுக் காட்டிறதோ?"

"நடந்ததுதானே, மாஸ்டர்."

"நடந்தது அங்கை. இஞ்சை ஆர் உதெல்லாம் பாக்கினம்? அதுசரி, நீங்கள் ஊரிலை எவடம்?"

இடத்தைக் கேட்கும் கேள்வி அல்ல. சாதியைக் கேட்பது. வழக்கமாக மழுப்புவேன். இன்று உள்ளதைச் சொன்னேன்.

"ஓ." பையை மற்றக் கைக்கு மாற்றினார். "உம்மடை மகளுக்குச் சம்பந்தம் பேசினமாம். நல்லதுக்குத்தான் சொல்லுறன். யோசியும்."

ஒரு நிமிடத்தில் 'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டது.

மகளிடம் சொன்னேன். பிரெஞ்சில் சிரித்தாள்: இந்தக் காலத்தில் யாரப்பா அதைக் கேட்கிறார்கள்? கேட்பவர்கள் அவள் பேசும் மொழியில் கேட்பதில்லை.

நவம்பர் 7, வெள்ளி

குளிர். சட்டை தேய்த்தாயிற்று.

கிளேர் போன். குரலில் துள்ளல். நேற்றுவரை பதிந்தது நாலைந்து பேர், இன்று எல்லா இருக்கையும் போய்விட்டதாம். "கொம்ப்ளே." அத்தனையும் சங்கத்து ஆட்கள். வாழ்த்துச் சொன்னார். நன்றி சொன்னேன்.

பலசரக்குக் கடைக்காரர் மிச்சக் காசை என் கையில் தராமல் மேசையில் வைத்தார். எப்போதும் அப்படித்தானா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

நவம்பர் 8, சனி

மழை. பேச்சு ஆறு மணிக்கு.

கதிரைகள் ஒழுங்காக, ஒவ்வொன்றிலும் பதிந்தவர் பெயர் ஒட்டி. ஒருவரும் இல்லை. பதியாமல் வந்த சிலரையும் இடமில்லை என்று வாசல் காவலாள் திருப்பி அனுப்பியிருக்கிறான். கிளேருக்குப் புரியவில்லை. மழை என்றார், ரயில் என்றார். பதிந்தது வருவதற்கல்ல, இடத்தை அடைப்பதற்கு என்று நான் விளக்கவில்லை.

கடைசியில் வாசலில் நின்ற இருவரைக் கிளேர் உள்ளே விட்டார். வன்னிப் பையன்கள், உணவகச் சமையலறை வேலை, உடம்பில் எண்ணெய் மணம்.

"இருங்கோ தம்பி."

"வேண்டாம் அண்ணை. கதிரையிலை எங்கடை முதலாளியின்ரை பேர் கிடக்கு."

"பக்கத்துக் கதிரையிலை இருங்கோவன்."

"அது அவரின்ரை தம்பியின்ரை பேர். நாங்கள் நிண்டே கேக்கிறம்."

அமெரிக்காவைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பாவிலிருந்தே தொடங்கினேன். அவர் வாங்கில் உட்கார்ந்த இடம் வந்தபோது கதவு திறந்தது. யோகன் மாஸ்டர் தனியே வந்தார். குடையை மடக்கினார். பையன்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் தன் பெயர் ஒட்டிய கதிரையில் உட்கார்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு, கைபேசியை எடுத்து, படம்பிடிக்க என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ம், சொல்லும்," என்றார்.