வெள்ளைத் தட்டும் கொடிக்கயிறும்

2016 மார்ச் 5, சனி
ஏரியில் தட்டு இறக்கினேன். கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டு எந்த ஆழத்தில் மறைகிறதோ, தண்ணீரின் தெளிவு அவ்வளவுதான். இன்று முழங்கை நனைவதற்குள் மறைந்தது. தண்ணீரா அது? பச்சைப் பெயிண்ட்.

சின்ன வயதில் இதே ஏரியில்தான் அம்மாவின் சாப்பாட்டுத் தட்டை வீசிவிட்டு, அடியில் மின்னுவதைப் பார்த்து நானும் அண்ணனும் மூழ்குவோம். "தோத்தவங்கதான் பாத்திரம் கழுவணும்" என்பான். எப்போதும் நான்தான் கழுவினேன். கடங்காரன்!

மிச்சக் கயிறு படகில் காலைத் தடுக்குகிறது. வெட்டி, வீட்டில் துணி காயப்போடும் கொடியாகக் கட்டிவிட்டேன். இனி எதற்கு அவ்வளவு நீளம்?

மார்ச் 18
ஆய்வகத்துக்கு அனுப்பிய ஏரித் தண்ணீரின் பரிசோதனை முடிவு வந்தது. பாசிக்குத் தீனி போவது வடக்குக் கால்வாய் வழியாக. அங்கே இருப்பது ஒரே பால்பண்ணை — அண்ணனுடையது.

மார்ச் 26
ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "தொழுவம் கழுவுற தண்ணில இருக்குற சத்துதான் பாசியை வளர்க்குது."

அண்ணன் எழுந்தான். "கூடப் பொறந்தவ பேசுற பேச்சா இது? வீட்டுக்கு வந்து சொல்லக் கூடாதா?"

"போன வாரம் வந்து சொன்னேனே! டீ ஆறுது, குடின்னு சொன்னியே!"

எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் வினையாகிப் போனது. "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று போய்விட்டான்.

ஆகஸ்ட் 9
மீன்கள் செத்து ஒதுங்கியிருக்கின்றன. அண்ணி ஃபோன் செய்தாள். "உங்க அண்ணனுக்கு ரெண்டு நாளா சாப்பாடு இறங்கலை."

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் அப்போது கால் நகம் தெரியும். மீன்குஞ்சுகள் விரலைக் கொத்தும், அவன் கூச்சம் தாங்காமல் கத்துவான். அந்த நாளெல்லாம் இனி வருமா?

2017 மே 14
அண்ணன் வடக்குக் கால்வாயின் வாயை அடைத்திருக்கிறான்! கழிவுநீர் குழியில் தேங்கி வயலுக்குப் போகிறது. மிச்சச் சத்தை உறிஞ்சட்டும் என்று கரையோரம் நாணலையும் வெட்டாமல் விட்டிருக்கிறான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திமிர். படகிலேயே உட்கார்ந்து அழுதேன்.

2018 மே 12
இன்னும் முழங்கைதான். அடிச்சேற்றில் ஊறியது லேசில் போகாது. அவன் கோபமும்தான்.

2021 பிப்ரவரி 20, சனி
கரையில் அண்ணன் நின்றிருந்தான். தலையெல்லாம் நரை. "தள்ளி உக்காரு" என்று படகில் ஏறி, தட்டைப் பிடுங்கி அவனே இறக்கினான்.

"தெரியுது... இன்னும் தெரியுது... என்னடி இது, கயிறு தீந்துபோச்சு! இந்தத் துண்டுக் கயித்தை வச்சுக்கிட்டா வேலை பாக்குறே?"

"மீதி வீட்டுல இருக்குண்ணா."

"நாளைக்கு எடுத்துட்டு வா. நானும் வரேன்."

கொடியை அவிழ்த்துவிட்டேன். ஈரத்துணியெல்லாம் நாற்காலிகள் மேல் கிடக்கிறது.