விபூதி மடித்த தாள்

அன்புள்ள மகனுக்கு,

போன மாதம் அந்த வியாழக்கிழமை மலைமேல் கோயில் நடை திறந்ததும் சன்னதியில் நின்றது நான், உன் நைனா, உன் தங்கை, மாப்பிள்ளை, குருக்கள் என்று ஐந்து பேர். வேறு யாரும் இல்லை.

மாப்பிள்ளை ஒரு தாளைச் சுவாமி பாதத்தில் வைத்து வாங்கினார். வீடியோ கேம் பெட்டிக்கு சிப் செய்துதர அவர் கம்பெனி போட்ட திட்டம் அது. அதே பெட்டிக்குத்தான் உன் கம்பெனியும் போட்டி போடுகிறது. வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று பொங்கலன்று நீங்கள் இருவரும்தான் முடிவு செய்தீர்கள்.

தாளை நம் வீட்டுப் பூஜை அலமாரியிலேயே வைக்கச் சொன்னார். பாதத்தில் இருந்த தாளாயிற்றே என்று நான் அதில் விபூதியை மடித்து வைத்தேன். மறுநாள் உனக்குப் பிரசாதம் அனுப்பும் அவசரத்தில் அந்தப் பொட்டலமே போய்விட்டது.

"விபூதி வந்துச்சும்மா, நெத்தியில வெச்சிகினேன்" என்று போன் செய்தாய். தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் மூன்று ஞாயிறாக நீ கூப்பிடவும் இல்லை, நான் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை.

நேற்று உன் தங்கை வந்து அழுதாள். "எங்க திட்டம் அண்ணன் கம்பெனிக்கு எப்படிப் போச்சுன்னு ஆபீஸ்ல இவரைத்தான் கேக்கறாங்கம்மா. வேலை போயிடும் போலகீது."

மாப்பிள்ளை என்னிடம் தாளைக் கேட்கவே இல்லை. "அது சாமிகிட்ட இருக்குதுங்க அத்தை, பத்திரமா இருக்கும்" என்கிறார்.

அவரிடம் நான் உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். அதற்குமுன் நீ எனக்குச் சொல். பொட்டலத்தைப் பிரித்தபோது விபூதியை மட்டும்தான் எடுத்தாயா?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுது.

உன் அம்மா