எல்லாரும் பார்க்கலாம் என்று நான் வைத்த படம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் நம் பொக்கைவாய்ப் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த நாலு நாளாக எனக்கு ஒரே நினைப்பு. செவ்வாய்க்கிழமை போனில் நான் பதறிப் பதறிப் பாதி சொன்னேன், நீ மீதியைக் கேட்காமலே வைத்துவிட்டாய், அதற்குப் பிறகு எடுக்கவில்லை. உன்மேல் வருத்தம் இல்லை அம்மாடி, உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் நடந்ததை முதலிலிருந்து உனக்குச் சொல்லியாக வேண்டும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பாடம் என் தலையில் விழுந்த கதை உனக்குத் தெரியும். வேறு யாரும் எடுக்க மாட்டேன் என்றார்கள், தலைமையாசிரியை என்னைப் பார்த்து, உங்களுக்குத்தான் சார் பொறுமை ஜாஸ்தி என்றார், அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிவிட்டேன். பழைய ஆய்வகச் சாமான்கள் கிடந்த அறையைக் காலி செய்து பதினான்கு கம்ப்யூட்டர் போட்டார்கள், ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகள். செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. முதல் மாதம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை, நான்தான் கம்ப்யூட்டர், அவர்கள் கட்டளை போட வேண்டும். முன்னாடி நாலு அடி, வலது பக்கம் திரும்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள் நில் என்று சொல்ல மறந்துவிட்டார்கள், நான் நேராகப் போய் பீரோவில் முட்டிக்கொண்டேன். அம்மா நெற்றியைப் பார்த்துவிட்டு, வயசுக்குத் தகுந்த வேலையா இது என்று திட்டினாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. கட்டளையில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைகள் இனி மறக்கவே மாட்டார்கள். போன மாதம் இணையத்தில் படம் போடும்போது யார் பார்க்கலாம் என்று எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். பூட்டுப் படம் இருந்தால் நம் ஆட்கள் மட்டும், உருண்டை உலகப் படம் இருந்தால் ஊர் உலகமே பார்க்கும். இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன், என் வாயால்.

இந்தச் செவ்வாய்க்கிழமைப் பாடம், முன்பின் தெரியாதவருக்கு நம்மைப் பற்றிய தகவல் கொடுக்கக் கூடாது என்பது. பாடப்புத்தகத்தில் இருந்த பொம்மைப் படம் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. சரி, ஒரு ஆபத்தும் இல்லாத படத்தை முதலில் காட்டுவோம், பிறகு ஆபத்தான படத்தைக் காட்டுவோம் என்று நினைத்து, நீ அனுப்பிய நம் பொக்கைவாயின் படத்தை இணையத்தில் இருக்கும் என் பக்கத்திலிருந்தே எடுத்துச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நின்று முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிப்பாளே, அந்தப் படம். என் பேத்திதான் என்று சொல்லவில்லை. இந்தப் பாப்பாவைப் பத்தி இதுல என்ன தெரியுது என்று கேட்டேன். பல் விழுந்திருக்கு சார் என்பார்கள், சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன்.

முதல் வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் அவளைக் கேள்விக்குறி என்றுதான் கூப்பிடுவேன். அவள் எழுந்து, கோட்டுக்கு உள்ள இருக்கற சட்டையில ஸ்கூல் பேர் தெரியுது சார் என்றாள். பின்னாலிருந்து ஒருவன், கதவுல பதினேழுன்னு போட்டிருக்கு என்றான். இன்னொருவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, ஜன்னல் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்த எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டான். பையில் அவள் பெயர் இருந்தது. தெருமுனையில் பஸ் நிறுத்தமும் அதன் எண்ணும் இருந்தன. நூறு தடவை பார்த்த படம் அம்மாடி, எனக்கு அந்தப் பல்லில்லாத சிரிப்பைத் தவிர ஒன்றும் தெரிந்ததில்லை. எட்டு வயசுப் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் உன் வீட்டு வாசலுக்கே வந்து நின்றுவிட்டார்கள். அப்போது கேள்விக்குறி மறுபடி எழுந்து, கழுத்துல சாவி தொங்குது சார், அப்போ வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க, இவளே திறந்துக்கிட்டு உள்ள போவா என்றாள்.

அவசரமாகப் படத்தை மூடப் போய், மூடுவதற்குப் பதிலாகக் கீழே நகர்த்திவிட்டேன். படத்துக்கு அடியில் நான் எழுதியிருந்தது சுவர் முழுக்கத் தெரிந்தது. புதன்கிழமைகளில் எங்கள் பேத்தி யார் துணையும் இல்லாமல் பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வருகிறாள், தாத்தாவுக்கு எவ்வளவு பெருமை என்று. அதற்குக் கீழே, தன் முகத்துக்குப் பதில் பூப்படம் வைத்த ஒருவர், சமத்துக் குழந்தை, எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டிருக்கிறார். நான் பதில் போட்டிருக்கிறேன். மூன்றே கால் மணிக்கு, ஐயா. ஐயா என்று மரியாதை வேறு. பிள்ளைகள் எல்லாரும் கூட்டமாக அதைச் சத்தம் போட்டுப் படித்தார்கள், புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் எதைப் பார்த்தாலும் படிப்பார்கள் இல்லையா. அந்த மாமா உங்க ஃப்ரெண்டா சார் என்று கேள்விக்குறி கேட்டாள். இல்லம்மா, யாருன்னே எனக்குத் தெரியாது என்றேன்.

உண்மையை மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. இவள் எதற்கு இப்படிப் படம் எடுத்து அனுப்பினாள் என்று. பிறகுதான் பார்த்தேன், நீ எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அனுப்பியதை எடுத்துப் போட்டவன் நான், உருண்டை உலகத்தைத் தொட்டவனும் நான். பழைய நண்பர்கள் எல்லாரும் பார்த்துப் பாராட்டட்டும் என்ற ஆசை. விளையாட்டு ஆசிரியரை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு வராந்தாவில் நின்று உனக்குப் போன் செய்தேன். மறுநாள் புதன்கிழமை என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாதியிலேயே நீ, அப்பா நான் இப்போ வைக்கிறேன் என்றாய். அந்தக் குரலை நான் உன்னிடம் கேட்டதே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை ஒரே ஒரு வரி அனுப்பினார். நானே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன் மாமா, யாரும் இல்லை, பாப்பா வீட்டுக்கு வந்துட்டா என்று. அம்மா அதைப் படித்துவிட்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை பள்ளிக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்க வருகிறவரை உட்காரவைத்துத் தேடினேன். அந்தப் பூப்படக்காரர் இன்னும் இரண்டு பேரிடம் இதே மாதிரி கேட்டிருக்கிறார், இரண்டு பேரும் என்னைப் போல் பேரப்பிள்ளை படம் போட்டவர்கள், இரண்டு பேரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தகவல் சொன்னேன். ஒருவர் அழுதார், இன்னொருவர் உனக்கென்ன வேலை என்று திட்டினார். எல்லாவற்றையும் அச்சு எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையம் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நீங்கதான் இந்தப் பாடம் நடத்தற வாத்தியாரா என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. அந்த ஆளுடைய இணையக் கணக்கை அதற்குள் மூடிவிட்டார்களாம். யார், எந்த ஊர் என்று விசாரிக்கிறார்கள். தீங்கு நினைக்காத ஆளாகவும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். புகார் நகலை இதோடு வைத்திருக்கிறேன், உங்கள் ஊர் போலீஸிடம் கொடு.

நேற்று வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவே கால் வரவில்லை. போய் நின்று, அது என் பேத்தி, தப்புப் பண்ணினது நான் என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. இப்ப அவ பத்திரமா இருக்காளா சார் என்றுதான் கேட்டார்கள். பிறகு பாடத்தை அவர்களே நடத்தினார்கள் என்று வைத்துக்கொள். யாராவது வந்து, அம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க என்று சொன்னால் என்ன செய்வது என்று யோசித்து, வீட்டுக்கு ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ள வேண்டும், அதைச் சொல்லாதவர்களோடு போகக் கூடாது என்று முடிவு செய்தார்கள். திங்கட்கிழமைக்குள் எல்லாரும் வீட்டில் பேசி வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

படங்களை எல்லாம் எடுத்துவிட்டேன், பக்கத்தையே மூடிவிட்டேன். எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசு, நான் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். மாப்பிள்ளையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல், நீயும் தூங்கு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், பயம் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பொக்கைவாயோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பிடித்ததாக, யாரும் ஊகிக்க முடியாததாக இருக்கட்டும். அது என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா