சுறா ஈரலைப் புதைத்த குழி

தங்கச்சி, இன்று வீடு முழுக்கச் சுறா ஈரல் வாடை. என் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பால் ஊறச் சுறாப்புட்டு கொடுக்க வேண்டுமென்று உன் மச்சான் தருவைகுளத்து ஏலத்தில் பெரிய சுறாவாகப் பிடித்துவந்தார், ஈரலோடு. பிள்ளை பெற்றவளுக்கு ஈரல் வறுவல் கண்ணுக்கு நல்லதாம்.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. வடதுருவம் வரை போய்ப் பனிக்கரடியின் இரத்தத்தை ஆராய்ந்தவள் நீ. ஊரில் உனக்குக் 'கரடிக்காரி' என்றே பேர். என் மகள் பிறந்தபோது லீவில் வந்திருந்தாய். அப்பாவும் இப்படித்தான் ஈரலோடு வந்தார். நீ சட்டியோடு தூக்கிப்போய்க் கொல்லையில் புதைத்தாய். பனிக்கரடி ஈரலில் வைட்டமின் ஏ நஞ்சாகும் அளவுக்குச் சேர்ந்திருக்கும், தின்றால் தோல் உரியும், அங்கே நாய்க்குக்கூடப் போடமாட்டார்கள், பெரிய சுறாவின் ஈரலும் லேசுப்பட்டதில்லை என்றாய். "ஏளா, கடல் மாதா தந்தத மண்ணுல போடுதியா?" என்று அப்பா குதித்தார். ஐஸ் பெட்டியில் மிச்சமிருந்த பெரிய துண்டை வீம்புக்கு அவரே வறுத்துத் தின்றார். அன்றே தலைவலி, வாந்தி. பிறகு உள்ளங்கைத் தோல் உரிந்தது. உன் முகத்தைப் பார்க்காமலே கஞ்சி குடித்தார்.

கடைசியாகப் போனில் பேசியபோது உன் குரலில் சிரிப்பே இல்லை. ஈரலில் எவ்வளவு வைட்டமின் இருந்தாலும், அதை உடம்பெங்கும் கொண்டுசேர்க்க இரத்தத்தில் ஒரு புரதம் வேண்டும். எங்கிருந்தோ கடலில் கலந்த ரசாயனம் அந்தப் புரதத்தில் வைட்டமினுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றாய். "குதிர் நெறைய நெல்லு, தூக்க ஆளில்லக்கா. ஒரு ஆலையும் இல்லாத எடத்துக் கரடிக்கே இந்தக் கதி. அங்கன வந்தது இங்கன வராதா?" நம் மாடியிலிருந்து துறைமுகப் பக்கத்துப் புகைக்கூண்டுகள் தெரியும். அன்றிலிருந்து அந்தப் பக்கம் நான் துணி காயப்போடுவதில்லை.

அடுத்த மழைக்குள் உன்னை மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. ஈரல் நஞ்சென்று எங்களுக்குச் சொன்னவளுக்கு ஈரலாலா சாவு? அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இன்று ஈரலை நானே புதைத்தேன். அப்பா குதித்த மாதிரியே உன் மச்சானும் குதித்தார். மகள்தான் அமைதியாகக் கேட்டாள்: "ஈரல் வேண்டாம், சரி. புட்டையாவது திங்கட்டுமாம்மா?"

அந்த ரசாயனம் சுறாவின் சதையிலும் இருக்குமா என்று உன்னிடம் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே. புட்டு அடுப்படியில் மூடியபடி ஆறிக்கிடக்கிறது. உள்ளே பிள்ளை பாலுக்கு அழுகிறது.